ஏழாவது கட்டம்

விண்ணப்பத்தின் ஏழாவது கட்டத்தில்
'சாகுபடிப் போகம்' என்று அச்சிட்டிருந்தது.
பூதலிங்கம் எட்டிப் பார்த்துவிட்டு
"ரெண்டு பூ" என்றார்.

தாழக்குடிக் கிளையில் எனக்கு அது மூன்றாம் நாள்.
நான் தருமபுரிக்காரி.
எங்களுக்கு மழை வந்தால் ஒரு போகம்,
வராவிட்டால் பெங்களூர்.
அன்று காலை பஸ்ஸில்
தோவாளைக்குப் போகும் பிச்சிக் கூடையொன்று
என் மடியில்தான் உட்கார்ந்து வந்தது.
பூ என்றால் பூ.
'மலர் சாகுபடி' என்று எழுதி
முத்திரையும் குத்தினேன்.

வட்டார அலுவலகம் கேட்டது:
மல்லியா, பிச்சியா, கோழிக்கொண்டையா?
சொட்டுநீர் உண்டா?
காகிதம் போயும் வந்தும் அலைந்த பத்தொன்பது நாளில்
பேச்சிப்பாறையைத் திறந்தார்கள்.
பக்கத்து வயல்கள் பச்சை பிடித்தன.
அவருடைய பத்து மரக்கால் விதைப்பாட்டில்
வெள்ளம் மட்டும் நின்றது,
யாரோ மறந்து வைத்துப்போன கண்ணாடி மாதிரி.

"பாத்துப் பாத்து கண்ணு பூத்துப் போச்சு மேடம்."
கோபமாகத்தான் சொல்லியிருப்பார்.
நானோ
மறுபடியும் அந்தச் சொல்லிலேயே இடறி நின்றேன்.

காசாளர் ஜெயசீலி பாய்
சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தபடி சொன்னாள்:
கன்னி மாசம் அறுத்தா கன்னிப்பூ,
கும்பத்துல அறுத்தா கும்பப்பூ.
"ரெண்டும் நெல்லுதான். பின்னே ரோஜாவா?"
அவள் பகிர்ந்த பொரியலில்
தேங்காய்ப்பூவை விரலால் ஒதுக்கிவிட்டேன்.

நெல் பூப்பதை அதுவரை நான் பார்த்ததில்லை.
ஆவணியில் ஒருநாள் அரை நாள் விடுப்பெடுத்து
அடுத்தவர் வரப்பில் போய் நின்றேன்.
காலை பத்துக்கு மேல்
உமி மெல்ல வாய் பிளக்கிறது.
வெளிறிய மஞ்சளில் நூல் நூலாய்த் தொங்குகிறது.
ஒரு மணி நேரம் இருக்கும்,
மூடிக்கொள்கிறது.
மணமில்லை.
தொடுக்க முடியாது, சூட முடியாது,
எந்தச் சாமிக்கும் சாத்த முடியாது.
இதை வைத்தா
ஆறு மாதத்துக்குப் பெயரிட்டார்கள்?

அந்த நாளைக்கு எனக்குச் சம்பளம் பிடிக்கவில்லை.
அவருக்குத்தான் ஒரு பூ பிடித்துக்கொண்டார்கள்.

புரட்டாசியில் வந்தார்.
"வயலுக்காரரு பிளாட்டு போடணும்னு நிக்காரு.
இந்தப் பூவுக்கும் நடலேன்னா மண்ணடிச்சிருவாரு.
மச்சான் குவைத்துக்குக் கூப்பிடுதான்."
என் மேசை முன்னாலேயே
அஞ்சு ரூபாயைச் சுண்டினார்.
"பூவா தலையா, நீங்களே பாருங்க மேடம்."

அது உருண்டு
இரும்பு பீரோவின் அடியில் போயிற்று.
ஜெயசீலி துடைப்பத்தோடு வந்தாள்.
"வேண்டாம், கெடக்கட்டும்" என்றவர்
எழுந்து போய்விட்டார்.

மாலையில் எல்லோரும் போனபின்
குனிந்து பார்த்தேன்.
தூசியில் லேசாக மின்னியது.
அளவுகோலை நீட்டி இழுத்திருக்கலாம்.
நான் ஏற்கெனவே ஒருமுறை
அவருக்காகப் பூவைப் படித்தவள்.
விட்டுவிட்டேன்.

எட்டாம் நாள் நகக்கண்ணில் சேறோடு வந்து
கையெழுத்துப் போட்டார்.
காசைப் பற்றிக் கேட்கவில்லை.
அச்சிட்ட 'போகம்' மீது கோடிழுத்து
'பூ' என்று எழுதினேன், பக்கத்தில் சுருக்கொப்பம்.

தணிக்கைக்காரர் மார்கழியில்தான் அதைக் கண்டுபிடித்தார்.
தொலைபேசியில் குரல் உயர்ந்தது:
"அச்சிட்ட படிவத்தை ஏன் அடித்தீர்கள்?
மறுபடியும் பூவா? எங்கே இருக்கிறது அந்தப் பூ?"

சுவரில் மணி பத்தே முக்கால்.

"இப்ப வந்தீங்கன்னா பார்க்கலாம் சார்.
பன்னிரண்டுக்குள்ள மூடிக்கும்."